பல்டியாருக்கு வாங்கிய பூ

நான் விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ள அப்பா சம்மதித்துவிட்டார். அவிநாசி ரோட்டில் ஸ்கூட்டர் ஓட்டத்தான் கடைசிவரை சம்மதிக்கவில்லை. ஆகாயத்தில் லாரி கிடையாது என்பது அவர் கட்சி. அதனால் தொண்ணூறுகளின் நடுவில் சில வருஷம், காலையில் டவுன் பஸ் பிடித்துப் போய், விமானம் ஏறிப் பறந்துவிட்டு, மறுபடி டவுன் பஸ் பிடித்து எங்கள் கிரைண்டர் கம்பெனிக்குக் கணக்கு எழுத வருவேன். என் சட்டையில் எண்ணெய் வாசம் அடிப்பதைப் பார்த்த ஒரு கண்டக்டர், ஏம்மா, எந்த ஒர்க்‌ஷாப்பில் வேலை என்று அக்கறையாக விசாரித்திருக்கிறார்.

நாங்கள் பறந்த கிளப்பைப் பெரிதாக எண்ணிக்கொள்ள வேண்டாம். ஒரு தகரக் கொட்டகை, காற்றடிக்கும் திசை பார்க்க ஒரு கம்பத்தில் துணிப்பை, இரண்டு பேர் உட்காரும் பழைய விமானம் இரண்டு, தலைகீழாகவும் பறக்கத் தெரிந்த சிவப்பு விமானம் ஒன்று. அவ்வளவுதான். கிளப்பை நடத்தியவர் விமானப் படையிலிருந்து ஓய்வுபெற்றவர். அவரை எல்லோரும் கேப்டன் என்று கூப்பிடுவோம். அறுபது வயது, இஸ்திரி கலையாத சட்டை, இஸ்திரி கலையாத முகம். என்னோடு சேர்ந்து லைசென்ஸ் வாங்கியவர் ஒரு ஸ்பின்னிங் மில்லின் சொந்தக்காரர். பருத்தி விலை ஏறினாலும் இறங்கினாலும் மனுஷர் கொட்டகையில்தான் இருப்பார். வீட்டிலும் மில்லிலும் போன் அடித்தால் எடுக்க வேண்டியிருக்கிறது, மேலே போய்விட்டால் இல்லை என்பார்.

நான்காவது ஆள்தான் பல்டியார்.

சிவப்பு விமானம் அவருடையது மாதிரி. வேறு யாரும் அதைத் தொடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அதை எடுத்துக்கொண்டு மேலே போய் வட்டமடிப்பார், உருளுவார், மல்லாந்து போவார், மூக்குக் குத்தி இறங்கி மறுபடி எழுவார். இதற்கெல்லாம் இங்கிலீஷில் தனித்தனிப் பெயர் உண்டு. எங்கள் கொட்டகையில் எல்லாமே பல்டிதான். முப்பத்தைந்து வயது இருக்கும். தாராபுரத்துக்குப் பக்கம் அமராவதிக் கரையில் ஒரு சின்ன ஊர். அப்பாவும் அம்மாவும் பண்ணையில் கூலிக்குப் போனவர்கள். ஊர் சர்ச் பள்ளிக்கூடத்தில் படித்து, விமானப் படையில் மெக்கானிக்காகச் சேர்ந்து, பிறகு வெளியே வந்து, விமானம் ஓட்டப் படித்து முடித்திருந்தார். எவ்வளவு கஷ்டப்பட்டுப் படித்தார் என்பதைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேச்செல்லாம் கிண்டல்தான்.

மில்காரர் முதன்முதலாகத் தனியாகப் பறக்கப் போன அன்று, கம்பத்திலிருக்கும் துணிப்பையைப் பார்த்து மூன்று தடவை கும்பிட்டுவிட்டுத்தான் ஏற வேண்டும், விமானத் துறையில் அது சட்டம் என்று பல்டியார் அவரிடம் சொல்லியிருக்கிறார். மில்காரர் அப்படியே செய்தார். மாதக்கணக்கில் செய்தார். ஒருநாள் நான்தான் பொறுக்க முடியாமல் உண்மையைச் சொன்னேன். மில்காரர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, இத்தனை நாள் கும்பிட்டு ஒன்றும் ஆகவில்லை, இனிமேல் நிறுத்தி ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்று கேட்டுவிட்டுத் தொடர்ந்து கும்பிட்டார்.

பல்டியாருக்குப் பெண் பார்த்த கதை அதைவிட நன்றாக இருக்கும். அவரே நடித்துக் காட்டுவார். பையன் விமானம் ஓட்டுகிறான் என்றதும் பெண் வீட்டார் சோபா நுனிக்கு வருவார்களாம். எங்கே, துபாய்க்கா, சிங்கப்பூருக்கா என்று கேட்பார்களாம். எங்கேயும் இல்லீங்க, கிளம்பின இடத்துக்கேதான் என்று இவர் சொன்னதும் சோபாவில் பின்னால் சாய்வார்களாம். தலைகீழாக ஓட்டுவார் என்பது தெரிந்ததும் காபி ஆறிப்போகுமாம். இரண்டு மூன்று இடம் இப்படித் தட்டிப்போன பிறகு அவர் அம்மா சாமர்த்தியமாகி, பையன் கம்பெனி வண்டி ஓட்டுகிறான் என்று மட்டும் சொல்ல ஆரம்பித்தார். அதற்கு டிரைவர் மாப்பிள்ளை வேண்டாம் என்றுவிட்டார்கள்.

ஒரு வருஷம் ஊருக்குக் கிழக்கே ஒரு பழைய ஓடுதளத்தில் விமான சாகசக் காட்சி ஏற்பாடாகியிருந்தது. வெளியூரிலிருந்தும் விமானிகள் வந்திருந்தார்கள். உக்கடத்திலிருந்தும் திருப்பூரிலிருந்தும் பஸ் பஸ்ஸாக ஜனம். கடலை, மாங்காய்க் கீற்று, பஞ்சுமிட்டாய் என்று தேர்த்திருவிழா மாதிரி இருந்தது. பட்டிமன்றங்களில் பேசும் ஒருவரை மைக்கில் உட்கார வைத்திருந்தார்கள். அவர் ஒவ்வொரு விமானத்தையும் கழுகு, கருடன், ராஜாளி என்று வரிசையாக வர்ணித்துக்கொண்டிருந்தார். எங்கள் பல்டியார் முறை வந்தபோது பறவைகள் தீர்ந்துபோய்விட்டன.

ஏறுவதற்கு முன் கேப்டன் அவரிடம், வெயில் அதிகமாக இருக்கிறது, இன்னும் கொஞ்சம் உயரத்திலிருந்து ஆரம்பி என்று சொன்னார். சரிங்க கேப்டன் என்றார் பல்டியார். என்னைப் பார்த்து, "ஏனுங் அம்மணி, எனக்கு ஒரு மாங்காய் வாங்கி வெய்யுங்க. மொளகாப்பொடி நெறையா" என்றார். அதுதான் நாங்கள் பேசிய கடைசிப் பேச்சு. இதைவிடப் பெரிதாக ஏதாவது சொல்லியிருக்கலாம் என்று பிறகு தோன்றியது. ஆனால் அவர் பெரிதாக எதுவும் சொல்கிற ஆள் இல்லை.

முதல் இரண்டு பல்டியும் அழகாக வந்தன. மூன்றாவதில், வட்டத்தின் அடிப்பக்கத்தில், விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டுதான் இருந்தது. தூக்கி முடிக்க இடம் போதவில்லை. ஓடுதளத்துக்கு அப்பால் சோளக்காட்டில் விழுந்தது. மைக்கில் இருந்தவர் பூமியைத் தொட்டுக் கும்பிட்டு எழுவார் பாருங்கள் என்று அப்போதுதான் சொல்லியிருந்தார். ஒரு பக்கத்தில் கொஞ்சம் பேர் கை தட்டினார்கள். புரியாமல்தான். கேப்டன் ஓடி நான் பார்த்தது அன்றைக்குத்தான். நானும் ஓடினேன். கையில் மாங்காய்ப் பொட்டலம் இருந்ததும் எனக்குத் தெரியவில்லை. ஓடிப்போய் ஆகவேண்டியது ஒன்றும் இருக்கவில்லை.

அடக்கம் அவர் ஊரில் நடந்தது. அன்று கூட்டத்தில் அவர் அம்மாவை நெருங்கக்கூட முடியவில்லை.

அதற்குப் பிறகு விசாரணை முடியும்வரை கிளப் விமானங்கள் எதுவும் பறக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. பறக்க முடியாத மூன்று பேரும் தினமும் கொட்டகைக்கு வந்தோம். துக்கத்தை எப்படி அனுஷ்டிப்பது என்று எங்களுக்குத் தெரியவில்லை. கேப்டன் திட்டினார். கழுதை, சொன்னதைக் கேட்கிற ஜென்மமா என்று ஆரம்பித்து, செத்துப்போனவரை நேரில் நிற்க வைத்துத் திட்டுகிற மாதிரி திட்டுவார். மில்காரர் சாப்பிட்டார். பக்கத்துப் பேக்கரியிலிருந்து தேங்காய்பன்னும் வர்க்கியும் வாங்கி வந்து, யாரும் தொடாததால் தானே தின்று தீர்த்து, மறுபடி வாங்கப் போவார். நான் விமானங்களைக் கழுவினேன். பறக்காத விமானத்தில் என்ன அழுக்குச் சேரும்? ஆனாலும் தினமும் கழுவினேன். இறக்கையில் பெயின்ட் கழன்று வரப்போகிறது என்று கேப்டன் ஒருநாள் வாளியைப் பிடுங்கி வைத்தார்.

கொட்டகையில் பல்டியாரின் சாமான்கள் கொஞ்சம் இருந்தன. ஒரு டிரான்சிஸ்டர், இரண்டு சட்டை, ஒரு ஜோடி ஷூ. அவற்றைக் கொண்டுபோய் அவர் அம்மாவிடம் கொடுக்க மூவரும் மில்காரரின் காரில் போனோம். பல்லடம் தாண்டும்வரை கேப்டன் திட்டிக்கொண்டே வந்தார். 

அந்த அம்மா ஒல்லியாக, நெட்டையாக இருந்தார். சுவரில் சிலுவை, பக்கத்தில் மகன் யூனிபாரத்தில் நிற்கும் படம். எங்களை உட்கார வைத்து, சாப்பிடாமல் போகக் கூடாது என்று அரிசியும் பருப்பும் சேர்த்துச் சோறாக்கி, நெய் ஊற்றிப் போட்டார். மில்காரர் மூன்றாம் முறை வாங்கிச் சாப்பிட்டார். அதைப் பார்த்து அந்த அம்மாவுக்குக் கொஞ்சம் திருப்தி.

சாப்பிட்டு முடித்ததும், இதற்காகத்தான் காத்திருந்தது போல என் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"ஏனுங் அம்மணி, அவன் தலைகீழா ஓட்டப் போயித்தான் உளுந்தான்னு சொல்றாங்க. வண்டியை நேரா ஓட்டுனாப் போவாதுங்களா?"

போகும் என்றேன்.

"அப்பறம் எதுக்குங்க தலைகீழா ஓட்டோணும்?"

கேப்டன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, விமானம் எந்த நிலைமைக்குப் போனாலும் அதை மீட்டுக் கொண்டுவரும் பயிற்சி அது, விமானிக்கு அதனால் தைரியமும் கட்டுப்பாடும் வரும் என்று பாடம் நடத்த ஆரம்பித்தார். பாதியில் அவருக்கே குரல் தேய்ந்துவிட்டது. மீட்டுக் கொண்டுவராத மகனின் அம்மாவிடம் அதைச் சொல்ல முடியாது என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். அந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவருக்கு அது பிடிச்சிருந்துதுங்கம்மா" என்றேன். வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

அவர் சுவரிலிருந்த மகனின் படத்தைப் பார்த்தார். பிறகு, "பிடிச்சுச் செஞ்சான்னா செரி" என்றார். "எங்க ஊட்ல செத்தவிய எல்லாம் பிடிக்காத வேலையச் செஞ்சு போட்டுத்தானுங் செத்தாங்க."

கிளம்பும்போது ஒன்று கேட்டார். மகன் பறந்து அவர் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. மாதம் திரும்பியதும் கல்லறைத் தோட்டத்தில் ஜெபக்கூட்டம் வைக்கப் போகிறார்கள். அப்போது அவன் ஓட்டின மாதிரி ஒரு வண்டி மேலே போனால் கண்ணால் பார்த்துக்கொள்வேன், முடியாவிட்டால் பரவாயில்லை என்றார். முடியும் என்று கேப்டன் உடனே சொல்லிவிட்டார். காரில் ஏறிய பிறகுதான் எங்கள் விமானம் எதற்கும் பறக்க அனுமதி இல்லை என்பது அவருக்கு நினைவு வந்தது.

ஆனால் மனுஷர் அலைந்து திரிந்து அனுமதி வாங்கிவிட்டார். இஸ்திரிச் சட்டையில் ஒவ்வொரு ஆபீசாக ஏறி இறங்கினார். அந்த நாட்களில் பல்டியாரைத் திட்ட அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

அடுத்து, எப்படிப் பறப்பது என்று வாக்குவாதம். செத்துப்போன விமானிக்கு மரியாதை செய்ய ஒரு முறை உண்டு. நான்கு விமானம் சேர்ந்து வரும், அதில் ஒன்று மட்டும் விலகி மேலே ஏறிப் போய்விடும், அது விட்ட இடம் காலியாகவே இருக்கும். எங்களிடம் இருந்ததே இரண்டு விமானம். இரண்டில் ஒன்று விலகிப் போனால் கீழே இருப்பவர்கள் நாம் சண்டை போட்டுக்கொண்டோம் என்றுதான் நினைப்பார்கள் என்றார் கேப்டன். கடைசியில், இரண்டும் பக்கம் பக்கமாக, நடுவில் ஒரு விமானம் போகிற அளவு இடைவெளி விட்டுப் போவது என்று முடிவானது. யாருக்கும் புரியப்போவதில்லை என்று மூவருக்குமே தெரிந்தது. எங்களுக்குப் புரிந்தால் போதும் என்று வைத்துக்கொண்டோம்.

பூவும் தூவலாம் என்றார் மில்காரர். பூ மார்க்கெட்டுக்கு நானும் அவரும் போனோம். சத்தியமங்கலத்திலிருந்து வந்து இறங்கிய சம்பங்கி மூட்டை மூட்டையாகக் கிடந்தது. இவ்வளவு உதிரிப்பூ எந்தக் கோயிலுக்கு என்று பூக்காரர் கேட்டார். மில்காரர் திணறிப்போய், உயரத்தில் இருக்கிற சாமி என்றார். பூக்காரர் மலைக்கோயில் என்று புரிந்துகொண்டு, விலையில் கொஞ்சம் குறைத்துக்கொடுத்தார்.

ஒத்திகை பார்த்தோம். கேப்டன் ஓட்ட, மில்காரர் பக்கத்தில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகக் கை நிறையப் பூவை எடுத்து வீசினார். வீசிய பூ அத்தனையும் காற்றில் திரும்பி உள்ளேயே வந்தது. இறங்கி வந்தபோது கேப்டனின் காதிலும் காலரிலும் சம்பங்கி. கல்யாண மாப்பிள்ளை போல இருந்தார். அவரைப் பார்த்து நான் சிரிக்காமல் இருக்க எஞ்சின் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். பிறகு ஒரு சாக்கின் வாயைக் கயிற்றால் கட்டி, வெளியே தொங்கவிட்டு, கயிற்றை இழுத்தால் வாய் திறந்து பூ கொட்டுகிற மாதிரி மில்காரர் ஒரு ஏற்பாடு செய்தார். அது வேலை செய்தது.

ஜெபக்கூட்டத்தன்று காலையில் கிளம்பினோம். முன்னால் கேப்டனும் மில்காரரும் பூச்சாக்கும். பின்னால் இன்னொரு விமானத்தில் நான் தனியாக. கீழே பல்லடம் ரோடு, நீள நீளமான கோழிப்பண்ணைக் கொட்டகைகள், அப்போதுதான் புதிதாக முளைத்திருந்த காற்றாலைகள். மேகமில்லாத நாள். பறந்து வெகுநாள் ஆகியிருந்தது. சந்தோஷமாக இருந்தது. துக்க காரியத்துக்குப் போகிறவளுக்கு இப்படிச் சந்தோஷம் வரலாமா என்று சங்கடமாகவும் இருந்தது.

அடையாளம் இதுதான்: அமராவதி வளைகிற இடம், வெள்ளைச் சுவர் சர்ச், பக்கத்தில் தண்ணீர் டேங்க், கல்லறைத் தோட்டத்தில் கூட்டம். ஆறு வந்தது, வளைந்தது. வெள்ளைக் கட்டடம் தெரிந்தது, டேங்க் தெரிந்தது, கூட்டமும் தெரிந்தது. கேப்டன் தாழ இறங்கினார். கீழே எல்லோரும் அண்ணாந்து கை ஆட்டினார்கள். ஜெபக்கூட்டத்தில் இத்தனை பேர் இப்படிக் கை ஆட்டுவார்களா என்று எனக்கு லேசாக ஒரு சந்தேகம் தட்டியது. பந்தலும் கொஞ்சம் பெரிதாக இருந்தது. வாசலில் இரண்டு பக்கமும் குலையோடு வாழை மரம் கட்டியிருந்தது. நான் ரேடியோவில் கூப்பிடுவதற்குள் மில்காரர் கயிற்றை இழுத்துவிட்டார்.

சாக்கிலிருந்த சம்பங்கி அத்தனையும் வெள்ளை வெளேரென்று இறங்கியது. சத்தியமாக அழகாக இருந்தது. பந்தலுக்கு வெளியே மணையிலிருந்து எழுந்து வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை மேலும் பெண் மேலும் சரியாகக் கொட்டியது.

"கேப்டன், அது கல்யாண மண்டபம்" என்றேன் ரேடியோவில்.

முன்னால் போன விமானம் பந்தலை ஒரு முழு வட்டம் சுற்றியது, பின்னாலேயே நானும். பிறகு, "சர்ச் எங்கே?" என்றார் கேப்டன், மிகவும் மரியாதையாக.

ஆறு இன்னொரு முறை வளைகிற இடத்தில் இருந்தது சர்ச். அந்த வளைவு வந்தபோது பார்த்தேன். சின்ன வெள்ளைச் சுவர், சின்ன டேங்க், சின்னக் கூட்டம். கொஞ்ச தூரத்தில் இரண்டு விமானம் வட்டமடித்து வேறு யாருக்கோ பூ தூவுவதை அவர்கள் அத்தனை பேரும் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். நாங்கள் காலிச் சாக்கோடு அவர்கள் மேலே போனோம். பக்கம் பக்கமாக, நடுவில் இடைவெளி விட்டு, நேராக, சீராகப் போனோம். திரும்பி வரும்போது கேப்டன் இறக்கையை இரண்டு பக்கமும் ஆட்டினார். நானும் ஆட்டினேன். கீழே நெட்டையாக ஒரு உருவம் கையைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றது.

கொட்டகைக்குத் திரும்பி இறங்கினோம். மில்காரர் புல்லில் உட்கார்ந்து காலிச் சாக்கை மடித்துக்கொண்டிருந்தார். மடித்துக்கொண்டிருந்தவர் குலுங்க ஆரம்பித்தார். அழுகிறார் என்று நினைத்து நான் பக்கத்தில் போனேன். சிரித்துக்கொண்டிருந்தார். "அம்மணி, மாப்பிள்ளை கும்பிட்டானுங்க, மேல பாத்து" என்றார். அவ்வளவுதான், எனக்கும் தாங்கவில்லை. வயிறு வலிக்க இரண்டு பேரும் சிரித்தோம். பல்டியார் இருந்தால் இதை எத்தனை வருஷத்துக்கு நடித்துக் காட்டியிருப்பார் என்றேன். கேப்டன் சிரிப்பாரா திட்டுவாரா என்று பார்த்தோம். முதலில் சிரித்தார். நாங்கள் அதுவரை கேட்டிராத ஒரு சிரிப்பு, கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல. பிறகு அது சிரிப்பாக இல்லாமல் போயிற்று. முகத்தைத் தொப்பியால் மூடிக்கொண்டு, இன்னும் கொஞ்சம் உயரத்திலிருந்து ஆரம்பித்திருக்கலாமே என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். நாங்கள் இரண்டு பேரும் அவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்துகொண்டோம். வெயில் ஏறும்வரை அப்படியே இருந்தோம்.

இதோடு முடிந்தது என்று நினைத்தோம். அடுத்த வாரம் கொட்டகை வாசலில் ஒரு கார் வந்து நின்றது. வெள்ளை வேட்டி சட்டையில் ஒரு பெரியவர் இறங்கினார். கூட இரண்டு பேர் பெரிய பெரிய தாம்பாளம் பிடித்துக்கொண்டு வந்தார்கள். பழம், லட்டு, வெற்றிலைபாக்கு, மேலே ஒரு பட்டு வேட்டி. மில்காரரைப் பார்த்ததும் அந்தப் பெரியவர் ஓடிவந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

விஷயம் என்னவென்றால், அந்தப் பெரியவர் மில்காரருக்குத் தூரத்துச் சொந்தம், மாமன் முறை. மகள் கல்யாணத்துக்கு முறையாகப் பத்திரிகை வைத்திருக்கிறார். முகூர்த்த மாதத்தில் மில்காரருக்குப் பத்திரிகை குவியும். இதையும் எந்த ஊரில் கல்யாணம் என்று பார்க்காமலே மேஜை டிராயரில் போட்டுவிட்டு, அன்று முக்கியமான வேலை இருக்கிறது, வர முடியாது என்று போனில் சொல்லிவிட்டார். வர முடியாது என்று சொன்னவர் ஆகாய மார்க்கமாக வந்து முகூர்த்த நேரத்தில் பூமாரி பொழிந்துவிட்டுச் சத்தமில்லாமல் போயிருக்கிறார் என்று பெரியவர் முடிவு கட்டியிருந்தார். விமானம் ஓட்டுகிற சொந்தம் அவர்களுக்கு வேறு யாரும் இல்லை. "எங்க வம்சத்துலயே இப்படி ஒருத்தரும் செஞ்சதில்லீங்க, மாப்ளே" என்றார். கண் கலங்கியிருந்தது.

மில்காரர் என்னைப் பார்த்தார். நான் கேப்டனைப் பார்த்தேன். கேப்டன் எஞ்சினைப் பார்க்கப் போய்விட்டார். சாவுக்கு வாங்கின பூ மணமக்கள் மேல் விழுந்தது என்று அந்த மனுஷரிடம் எப்படிச் சொல்வது? சகுனம் பார்க்கிற குடும்பம். காலத்துக்கும் மனதில் முள்ளாக இருக்கும். மில்காரர் பட்டு வேட்டியை வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு ஐந்தாறு வருஷம் அவர் சொந்தத்தில் எந்தக் கல்யாணமானாலும், மாப்பிள்ளை, மேலிருந்து வருவீங்கதானே என்று கேட்பதும், விமானம் ரிப்பேர் என்று அவர் சொல்வதும் வழக்கமாகிப் போனது.

பல்டியாரின் அம்மாவிடம் உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். அவர் ஊரில் மளிகைக் கடைக்குத்தான் போன் இருந்தது. கடைக்காரர் ஆள் அனுப்பிக் கூப்பிட்டு வரும் பேச்சில் இதைச் சொல்ல முடியாது. அதனால் நேரிலேயே போனோம், இந்த முறை காரில், டிக்கி நிறையச் சம்பங்கியோடு. கல்லறையில் பூவைப் போட்டுவிட்டு, அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்து, கேப்டன் ஒரு ராணுவ விசாரணையில் வாக்குமூலம் கொடுப்பவர் போல நடந்ததை வரிசையாகச் சொன்னார்.

அந்த அம்மா முழுவதும் கேட்டார். "ரெண்டு வண்டிக்கும் நடுவுல எடம் உட்டுப் போனீங்கல்லங்க. அது அவனுக்குத்தானுங்களே?" என்றார் முதலில்.

ஆமாம் என்றார் கேப்டன். 

"போதகர் கேட்டாருங், ஏன் ஒதுங்கி ஒதுங்கிப் போறாங்கன்னு. நாஞ்சொன்னேன், அங்க ஒருத்தன் போறான்னு." சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "ஆனா அம்மணி, நேராப் போறதுல பாக்கறதுக்கு நெம்ப ஒண்ணும் இல்லீங்க."

பிறகு கல்யாண வீடு யாருடையது என்று விசாரித்தார். மில்காரர் சொன்னார். அந்த அம்மாவின் முகம் மாறியது. ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று பயந்தேன். அது அவருடைய பண்ணாடி வீடு. அந்தப் பக்கத்தில் வேலை செய்கிறவர்கள் நிலக்காரரை அப்படித்தான் சொல்வார்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இடுப்பு ஒத்துழைக்கும்வரை அந்தக் காட்டில்தான் அந்த அம்மா களை எடுத்திருக்கிறார். மகனைத் தொட்டிலில் போட்டதும் அந்தக் காட்டு வேப்பமரத்தில்தான்.

"எங்க பண்ணாடி ஊட்டுக் கல்யாணத்துக்கு எங்களைக் கூப்பிடலீங்க" என்றார். "கூப்புடாத ஊட்டுக்கு எம்பட பையன் பூ போயிருக்குது."

சொல்லிவிட்டு வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. பல்டியார் சிரிக்கும்போது தோள் அப்படித்தான் குலுங்கும். கல்யாண வீட்டாருக்கு விஷயம் தெரியாது, தெரியாமலே இருக்கட்டும் என்று மில்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னார். நான் எதுக்குங்க சொல்லப் போறேன், பொண்ணு நல்ல பொண்ணு, நல்லா இருக்கட்டும் என்றார் அவர். கிளம்பும்போது எங்கள் மூவருக்கும் ஆளுக்கொரு பை முருங்கைக்காய் கொடுத்தார்.

அதற்குப் பிறகு வருஷத்துக்கு ஒருமுறையாவது போய்ப் பார்த்துவருவேன். கேப்டன் கிளப்பை வேறு ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு மகளிடம் போய்விட்டார். மில்காரர் பறப்பதை விட்டுவிட்டார். பருத்தி விலை விடவைத்தது. நான் தொடர்ந்து பறந்தேன். பல்டி அடிக்க மட்டும் கற்றுக்கொள்ளவில்லை. ஆசை இருந்தது, ஆனால் அப்பா ஸ்கூட்டருக்கே சம்மதிக்கவில்லையே.

ஒரு தடவை நான் போயிருந்தபோது அந்த அம்மா, பண்ணாடி மகளைத் தாராபுரம் பஸ் ஸ்டாண்டில் பார்த்ததாகச் சொன்னார். இடுப்பில் குழந்தையோடு நின்ற அந்தப் பெண், இவரை அடையாளம் கண்டு, நின்று பேசியிருக்கிறாள். எங்கள் கல்யாணத்துக்கு வானத்திலிருந்து பூ கொட்டியதே, ஊரே பார்த்தது, நீங்கள் பார்த்தீர்களா என்று ஆசையாகக் கேட்டிருக்கிறாள்.

நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"பாத்தேன் கண்ணு, எங்க பக்கத்துல இருந்து நெம்ப நல்லாத் தெரிஞ்சுதுன்னு சொல்லிப்போட்டு, பஸ் வந்துருச்சுங்க, ஏறி வந்துட்டேன்" என்றார்.